காணாமல் போன கடிதத்துக்கும் ஒரு பெட்டி

பிரான்சிஸ் லைட் 1786-ல் பினாங்கில் வந்து இறங்கியதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவருக்கு வந்த கடிதங்களைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மலாய் அரசர்களும் பிரமுகர்களும் வணிகர்களும் ஜாவி எழுத்தில் அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்று லண்டனில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ 1,200 கடிதங்கள்! எந்தக் கடிதம் எதற்குப் பதில் என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. ஏனென்றால் இவை பெரும்பாலும் லைட்டுக்கு வந்தவை. அவர் எழுதி அனுப்பியவை வாங்கியவர்களிடமே போய்விட்டன. பேச்சில் ஒரு பக்கம் மட்டும் நம் காதில் விழுகிறது.

எது எதற்குப் பதில் என்ற இதே சிக்கல் உங்கள் அப்பாவின் மின்னஞ்சல் பெட்டியிலும் உண்டு. ஆனால் அங்கே ஒரு நிரல் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் தீர்த்துவிடுகிறது. எப்படி?

ஜார்ஜ் டவுனில் ஓர் இளைஞர் குழு ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்குள் போகும் அஞ்சல்களின் தலைப்பு எப்போதும் 'தண்ணீர்ப் பந்தல்'தான். தலைப்பைப் பார்த்துச் சேர்த்தால் போன வருடத்து மோர்க் கணக்கும் இந்த வருடத்து வாழைமரமும் ஒன்றாகக் கலந்துவிடும். மணியைப் பார்த்து அடுக்கலாமா? பினாங்கிலிருந்து காலை 10.30-க்கு ஒரு கேள்வி போகிறது. இருபது நிமிடத்தில் சென்னையிலிருந்து பதில் வருகிறது. அப்போது சென்னைக் கடிகாரத்தில் மணி 8.20. நம் நேரம் இரண்டரை மணி முன்னே ஓடுகிறது அல்லவா? கடிகார எண்ணை மட்டும் நம்பினால் கேள்விக்கு முன்பே பதில் வந்துவிட்டதாகத் தெரியும்! நல்லவேளையாக அஞ்சலில் நேரத்தோடு +0800, +0530 என்ற குறிப்பும் இருக்கும். அதைக் கழித்துப் பார்த்தால் இரண்டும் சரியான வரிசைக்கு வந்துவிடும். ஆனாலும் எது எதற்குப் பதில் என்று நேரம் சொல்லாது.

அதைச் சொல்பவை நம் கண்ணுக்குத் தெரியாத மூன்று வரிகள். ஒவ்வோர் அஞ்சலுக்கும் பிறக்கும்போதே ஓர் அடையாள எண் ஒட்டப்படுகிறது. அதுதான் 'மெசேஜ்-ஐடி'. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான கோவை அது, உலகில் வேறெந்த அஞ்சலுக்கும் அதே கோவை வராதபடி உருவாக்கப்படுவது. நீங்கள் பதில் எழுதினால், எந்த அஞ்சலுக்குப் பதிலோ அதன் எண் 'இன்-ரிப்ளை-டு' என்ற வரியில் ஏறும். 'ரெஃபரன்சஸ்' என்ற மூன்றாவது வரியில் தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று அந்த உரையாடலின் முன்னோர் எண்கள் வரிசையாக இருக்கும். இவை நேற்று வந்த ஏற்பாடல்ல. 1977-ல் எழுதப்பட்ட மின்னஞ்சல் விதிகளிலேயே இவை மூன்றும் உண்டு.

1990-களில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேமி சவின்ஸ்கி, இவற்றை வைத்து அஞ்சல்களைக் கோக்கும் ஒரு வழியை எழுதினார். நிரல் முதலில் ஒவ்வோர் அடையாள எண்ணுக்கும் ஒரு பெட்டி செய்கிறது. அஞ்சலை அதன் பெட்டியில் போடுகிறது. முன்னோர் எண்களைப் பார்த்துப் பெட்டிகளைத் தாய்க்குக் கீழே பிள்ளை என்று தொங்கவிடுகிறது. யாருக்குக் கீழேயும் தொங்காத பெட்டி, உரையாடலின் தலை.

சரி, நடுவில் ஓர் அஞ்சலை அப்பா அழித்துவிட்டிருந்தால்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த அஞ்சல் இல்லை. ஆனால் அதன் எண் பேரப்பிள்ளையின் 'ரெஃபரன்சஸ்' வரியில் இருக்கிறதே! நிரல் அந்த எண்ணுக்கு ஒரு வெற்றுப் பெட்டி செய்து, உரிய இடத்தில் தொங்கவிடுகிறது. இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்பதுகூட அதற்குத் தெரியும். லைட்டின் கடிதங்களில் இப்படி எண் இருந்திருந்தால் ஆராய்ச்சியாளர்கள் எத்தனை வெற்றுப் பெட்டிகள் செய்திருப்பார்கள்!

ஒரு குறும்பும் உண்டு. மாமா ஒருவர் புது அஞ்சல் தொடங்கச் சோம்பல்பட்டு, பழைய தண்ணீர்ப் பந்தல் அஞ்சலுக்கே 'பதில்' அழுத்தி, தன் மகள் திருமண அழைப்பை அனுப்புகிறார். தலைப்பை மாற்றினாலும் மறைந்திருக்கும் வரிகள் மாறாது. எண்ணை மட்டும் நம்பும் நிரல் கல்யாணத்தைப் பந்தலுக்குள்ளேயே நடத்திவிடும்.

அஞ்சல்களைக் கோப்பது ஒரு வித்தை என்றால், தேடுவது வேறு வித்தை. ஆயிரக்கணக்கான அஞ்சல்களை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படித்தால் நேரமாகும். அதனால் நிரல் முன்கூட்டியே, புத்தகத்தின் கடைசிப் பக்கச் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தெந்த அஞ்சலில் வருகிறது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் தமிழில் தேடும்போது ஒரு சிக்கல் முளைக்கிறது. 'பந்தல்' என்று தேடினால், சாதாரண நிரலுக்குப் 'பந்தலில்' அகப்படாது. கணினிக்கு 'ல்' என்பது ல-வும் புள்ளியும். 'லி' என்பது ல-வும் இகரக் குறியும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் வேறு குறி இருப்பதால் அது கைவிரித்துவிடுகிறது. புள்ளியை நீக்கி 'பந்தல' என்று எழுத்துத் தொடராகத் தேடினால் பந்தல், பந்தலில், பந்தலுக்கு எல்லாமே வரும். ஆனால் 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்தில்' வேண்டுமென்றால் இந்தத் தந்திரமும் போதாது. நிரலுக்குக் கொஞ்சம் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல பதில்கள் ஓடிய ஓர் அஞ்சலைக் கணினியில் திறந்து, அதன் மூல வடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளிப் பட்டியலில் அதற்கான கட்டளை இருக்கிறது. 'ரெஃபரன்சஸ்' வரியில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய அஞ்சல் பெட்டியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பைத்தான் கற்பவர்களாக இருந்தால், அஞ்சலைப் பிரித்துப் படிக்கும் கருவி அந்த மொழியோடு சேர்ந்தே வருகிறது. இருபது முப்பது வரிகளில் தாய்-பிள்ளை மரத்தை நீங்களே வரைந்துவிடலாம்.