மாட்டலாம், மாற்றலாமா?

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. வேறு வேலையாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் சைக்கிள் ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கையில் உறை பிரிக்காத கார்பன் சீட் போஸ்ட்.

"அண்ணே, ஃபிரேம் ஓட்டை 26.8. போஸ்ட் 27.2. பாயின்ட் நாலு எடுத்துவிட்டா இறங்கிடும்."

பட்டறைக்காரர் ஃபிரேமை விரலால் சுண்டிப் பார்த்தார். "என்ன சார் இது, எவர்சில்வரா?"

"டைட்டானியம்ணே."

பட்டறைக்காரர் கையை எடுத்துக்கொண்டார். டூல் மழுங்கிவிடும் என்பது அவர் கவலை. தயங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் ஒன்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் ஆசையின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் லைட்ஸ்பீட், மெர்லின் போன்ற பட்டறைகள் 1980களின் நடுவிலிருந்து செய்த டைட்டானியம் ஃபிரேம்கள் இன்றும் ஓடுகின்றன. பெசன்ட் நகர் உப்புக் காற்றிலும் அவை துருப்பிடிப்பதில்லை. (அந்த உலோகத்தின் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது, ஃபிரேம் மட்டும் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து வருகிறது!) ஃபிரேம் அப்படியே இருக்க, மற்ற பாகங்கள் கிழடாகிவிடுகின்றன. கார்பன் ஃபோர்க், கார்பன் ஹேண்டில்பார், கார்பன் சீட் போஸ்ட் போட்டால் எடையும் குறையும், சாலையின் அதிர்வும் குறையும். யாருக்குத்தான் கை அரிக்காது?

ஆனால் மாட்டுவது வேறு, மாற்றுவது வேறு. அளவு பொருந்தும் பாகத்தைப் போல்ட் போட்டு இறுக்கினால் அது மாட்டுவது. நாளைக்கே கழற்றிவிடலாம். துளையைப் பெரிதாக்குவது, பற்றவைப்பது, அறுப்பது, ரெசின் பூசி ஒட்டுவது எல்லாம் மாற்றுவது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-ஆம் பிரிவு இதைத்தான் பார்க்கிறது. தீங்கு நேர்ந்த வேளையில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ, மாற்றப்பட்டிருந்தாலோ, விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது அது. அரத்தைக் கையில் எடுக்கும் முன் இந்த ஒரு வரி நினைவுக்கு வர வேண்டும்.

இதே சட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. கடைக்காரரே பொருளை மாற்றிக் கொடுத்து, அந்த மாற்றமே விபத்துக்கு முக்கியக் காரணமானால், பொறுப்பு அவர் தலையில் விழும். ஆகவே கடையில் வேலை செய்யக் கொடுத்தால் என்ன செய்தார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். "தாங்கும் சார், பயப்படாதீங்க" என்ற வாய்வார்த்தையை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

லேத் பட்டறைக் கணக்குக்கு வருவோம். இவ்வகை ஃபிரேம்களில் சீட் குழாயின் சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டரைத் தொடாது. விட்டத்தில் 0.4 எடுப்பதென்றால் சுவரில் சுற்றிலும் 0.2 போகிறது. அதுவும் கிளாம்ப் இறுக்கும் இடத்தில், முழு உடல் எடையும் நெம்பும் இடத்தில்.

ஃபோர்க் விஷயம் இதைவிடக் கவலைக்குரியது, ஏனென்றால் அது முறிந்தால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். பழைய ஃபிரேம்கள் பலவற்றில் ஹெட் டியூப் 1 அங்குல ஸ்டீரருக்கானது (ஸ்டீரர் என்பது ஃபோர்க்கின் மேல்குழாய்). இன்றைய கார்பன் ஃபோர்க்குகள் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவோ, கீழே போகப்போகப் பருப்பதாகவோ வருகின்றன. பொருத்த வழியில்லை என்றால் வழியில்லைதான். பொருந்தினாலும், கார்பன் ஸ்டீரருக்குள் உலோக ஸ்டார் நட்டை அடித்து இறக்கக் கூடாது. அது உள்சுவரைக் கீறிவிடும். விரிந்து பிடிக்கும் பிளக்தான் போட வேண்டும். ஸ்டெம் மீது அச்சிட்டிருக்கும் 5 நியூட்டன் மீட்டர் போன்ற எண்ணுக்கு டார்க் ரெஞ்சு வேண்டும், கைப்பழக்கம் போதாது. 2006 பாரி–ரூபே சைக்கிள் பந்தயத்தில் வீரர் ஜார்ஜ் ஹின்காபியின் ஸ்டீரர் ஓட்டத்தின் நடுவே முறிந்து அவர் கீழே விழுந்தார். அது அலுமினியக் குழாய். அன்று முன்னதாகவே ஒருமுறை விழுந்திருந்தார். தொழில்முறை அணிக்கே அப்படி என்றால், முன்பு யார் எங்கே மோதினார்கள் என்று தெரியாத செகண்ட்ஹேண்ட் கார்பன் ஃபோர்க்கை என்னவென்று நம்புவது? வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

டைட்டானியமும் கார்பனும் ஒட்டியிருந்தால் அரிக்காதா என்று கேட்கிறார்கள். அவை இரண்டும் ஒத்துப்போகும். இடையில் வரும் அலுமினியம்தான் பலியாகும். வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்தால் கார்பனைத் தொடும் அலுமினியக் கிளாம்பும் ஸ்லீவும் வெள்ளை மாவாகப் பூத்துவிடும். கார்பன் போஸ்டுக்குக் கிரீஸ் வேண்டாம், மணல் கலந்ததுபோல நறநறக்கும் கார்பன் பேஸ்ட் தடவுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை உருவிப் பார்த்துத் துடைத்து இறக்குங்கள்.

இனி வீட்டு மொட்டைமாடிப் பட்டறை. கார்பனை அறுக்கும்போது பறக்கும் கறுப்புத் தூள் தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. நனைத்து அறுங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். டைட்டானியத் தூள் இன்னும் பொல்லாதது. கிரைண்டர் பொறியில் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ மூர்க்கமாகும். உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும். எப்பாக்ஸி ஹார்டனர் சிலருக்கு ஒவ்வாமை தரும், ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலே வரும். அறை வெப்பத்தில் இறுகும் ரெசினுக்கு இன்னொரு குறையும் உண்டு. மே மாதத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் சைக்கிளை வைத்துவிட்டுப் போனால் ரெசின் இளகத் தொடங்கலாம்.

"ஆர்கான் வெல்டிங்தானே, கிண்டியிலேயே போட்டுத் தருவாங்க" என்பார்கள். எவர்சில்வருக்குப் போதுமான ஆர்கான் டைட்டானியத்துக்குப் போதாது. குழாயின் உள்ளேயும் வாயுவை நிரப்ப வேண்டும். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். பற்றவைத்த இடம் வெள்ளி நிறமாக இருந்தால் சரி. நீலம், சாம்பல், வெண்பொடி என்றால் அந்த ஃபிரேமை ஓட்டாதீர்கள். டிஸ்க் பிரேக்கை மாட்டப் பின்பக்கம் காது பற்றவைப்பதும் இதே வகை வேலைதான்.

கார்பன் ரிம் போட்டவர்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம்மின் ரெசின் சூட்டில் இளகும். கார்பனுக்கான பேட் தனி. அலுமினிய ரிம்மில் தேய்ந்த பழைய பேடைப் போடக் கூடாது, அதில் உலோகத் துணுக்குகள் ஒட்டியிருக்கும்.

வாங்கும்போதே பாதி உரிமை தீர்மானமாகிவிடுகிறது. பேர்பெற்ற நிறுவனத்தின் எழுத்தைப் பொறித்துக் கால் விலைக்கு வரும் ஹேண்டில்பார் போலி என்றே கொள்ளுங்கள். ஃபிரேமின் "ஆயுட்கால" உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து பழைய ஃபிரேமைத் தருவிக்க நினைத்தால், பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும் முன் விசாரித்துவிடுங்கள். பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம் என்கிறது 2019 சட்டம். பில்லில் காலவரம்பு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது.

பாகம் முறிந்துவிட்டதா? உடைந்த துண்டை எறியாதீர்கள், ஒட்டியும் பார்க்காதீர்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். "அனுப்புங்க, பார்க்கிறோம்" என்று கடை கேட்டால் ஒப்புகை வாங்காமல் கொடுக்க வேண்டாம், அதுதான் உங்கள் சாட்சி. இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னைக்கு வடக்கு, தெற்கு என இரண்டு உண்டு. விற்றவர் லூதியானாவில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, கெடு 2 ஆண்டு. சோதனை தேவைப்பட்டால் ஆணையமே பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்த ஆய்வகம் முதலில் தேடப்போவது அரத்தின் தடத்தைத்தான்.

சாலையில் அடிபட்டால் இதெல்லாம் பிறகு. தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், 2021 டிசம்பர் முதல், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சைக்கிள்காரரும் இதில் அடக்கம்.

பட்டறைக்காரர் அன்று மறுக்கவில்லை. பழைய பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "செய்யறேன் சார். உடைஞ்சா நான் பொறுப்பில்லைன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

வந்தவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போஸ்டை உறைக்குள் திரும்பச் செருகி, ஃபிரேமைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "26.8-லயே கிடைக்குதான்னு பார்க்கறேண்ணே" என்று கிளம்பினார்.