சறுக்குதளத்தில் மோதினால் பொறுப்பு யாருக்கு?

புது தில்லி: சாலையில் இரு வாகனங்கள் மோதிக்கொண்டால் இழப்பீடு பெற மோட்டார் வாகனச் சட்டம், தீர்ப்பாயம், கட்டாயக் காப்பீடு ஆகியவை உள்ளன. குல்மார்க்கிலோ அவுலியிலோ பனிச்சறுக்கில் ஈடுபடும் இருவர் மோதி, ஒருவரின் கால் முறிந்தால் இவற்றில் எதுவும் துணைக்கு வராது.

காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் கார் ஏறத்தாழ 4 ஆயிரம் மீட்டர் உயரம் வரை செல்கிறது. 2020 முதல் அங்கு கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றுள்ளன. உத்தரகண்டின் அவுலியில் 2011-இல் தெற்காசிய குளிர்காலப் போட்டிகள் நடைபெற்றன. முதன்முறையாகப் பனியில் கால் வைப்பவரும், தேர்ந்த வீரரும் ஒரே சரிவில் இறங்குவதே ஆபத்தின் வேர்.

இத்தகைய மோதல்களுக்கெனத் தனி மத்தியச் சட்டம் கிடையாது. கவனக்குறைவு தொடர்பான பொதுச் சட்டமே பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவின்படி, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் வகையில் அஜாக்கிரதையாக நடந்து கொடுங்காயம் ஏற்படுத்தினால் 3 ஆண்டுகள் வரையிலும், 106-ஆவது பிரிவின்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டுகள் வரையிலும் சிறைத் தண்டனை விதிக்க இயலும்.

ஆனால், தண்டனையால் மருத்துவச் செலவு ஈடாகிவிடாது. பயிற்சியாளரோ நிறுவனமோ தவறிழைத்திருந்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மோதியவர் மற்றொரு சுற்றுலாப் பயணி எனில், உரிமையியல் நீதிமன்றமே வழி. அதிலும் சிக்கல் உண்டு. மும்பையைச் சேர்ந்தவர் மீது தில்லியைச் சேர்ந்தவர் குல்மார்க்கில் மோதினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, காஷ்மீரிலோ தில்லியிலோதான் வழக்குத் தொடர வேண்டும். காயமடைந்தவரின் ஊரில் தொடர முடியாது. அதற்குள் பனியில் பதிந்த தடம் மறைந்துவிடும். சாட்சிகளும் திசைக்கொருவராகப் பிரிந்திருப்பர்.

"ஆபத்தை அறிந்துதானே வந்தார்?' என்ற வாதமும் எழக்கூடும். தானாகத் தவறி விழும் ஆபத்தை ஏற்றவர், பிறரது கவனக்குறைவையும் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது. எனினும், அவரிடமும் தவறு இருந்தால் இழப்பீடு அதற்கேற்பக் குறையும்.

சர்வதேச பனிச்சறுக்கு சம்மேளனம் 1967-இல் வகுத்த நடத்தை விதிகள் இதற்குத் தெளிவான அளவுகோலைத் தருகின்றன. பின்னால் வருபவரே முன்னால் செல்பவருக்கு ஆபத்து நேராதவாறு பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோதலுக்குப் பின் சாட்சிகள் உள்பட அனைவரும் பெயர், முகவரி அளிக்க வேண்டும் என அவை கூறுகின்றன. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நீதிமன்றங்கள் கவனக்குறைவை இவற்றைக் கொண்டே எடைபோடுகின்றன. இத்தாலியோ 2022 முதல் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது.

இவ்விதிகளைச் சறுக்குதளங்களில் அறிவித்து, பயணச்சீட்டுடன் காப்பீட்டையும் இணைப்பதற்குப் பெரும் பொருள்செலவு தேவையில்லை. குளிர்காலச் சுற்றுலாவை வளர்க்க விரும்பும் அரசுகள், கேபிள் காரில் மேலே ஏற்றிவிடுவதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதலாகாது.