ஒரு சொட்டு இரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாமா?

"ஒரு சொட்டு இரத்தம் போதும், புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிச்சிடலாம்" என்று அடிக்கடி செய்திகள் வருகின்றன. அந்தக் கருவி வரட்டும், பிறகு பார்ப்பம் என்று இருக்காதீர்கள். ஏன் என்று பாருங்கள்.

அது எப்படி வேலை செய்கிறது?

சீனி வருத்தக்காரர் உள்ள வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் சின்னக் கருவி இருக்கும்தானே? அதன் பட்டியில் உள்ள நொதியம் குளுக்கோசுடன் சேர, சிறு மின்னோட்டம் உண்டாகும். கருவி அதை அளந்து இலக்கமாகக் காட்டும். புற்றுநோய் உணரியும் இதே வகைதான். நொதியத்துக்குப் பதிலாக, ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரி அதில் ஒட்டப்பட்டிருக்கும்.

பிரச்சினை அளவில்தான். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் சீனி உண்டு. ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் பி.எஸ்.ஏ. என்ற புரதமோ 4 நானோகிராமைத் தாண்டினாலே டொக்டர் கவனிப்பார். இது இரண்டரை இலட்சம் மடங்கு குறைவு! அதனால்தான் மின்வாயின் மேல் தங்கத் துகள், கரிக்குழாய், கிராபீன் போன்ற நானோப் பொருட்களைப் பூசுகிறார்கள். மேற்பரப்பு பெருகும், மின்னும் இலகுவாய்ப் பாயும்.

ஏன் இன்னும் கைக்கு வரவில்லை?

ஆய்வுகூடக் கரைசலில் சரியாய் வேலை செய்வது இரத்தத்தில் தடுமாறும். வேறு புரதங்களும் போய் ஒட்டிக்கொள்ளும். அத்துடன் பி.எஸ்.ஏ. சாதாரண வீக்கத்திலும் கூடும். இலக்கம் கூடினால் புற்றுநோய் என்றும் இல்லை, குறைந்தால் பயமில்லை என்றும் இல்லை. ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்துத்தான் நம்ப முடியும். 2019 பெப்ரவரியில் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழக மருத்துவமனை மார்புப் புற்றுநோய்க்கு இரத்தச் சோதனை ஒன்றை அறிவித்தது. அது வேறு வகைச் சோதனை. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் போதிய ஆய்வு முடிவு இல்லாமல் அவசரப்பட்டது பின்னர் தெரியவந்தது.

இன்று ஜேர்மனியில் உங்களுக்குக் கிடைப்பவை:

– 20 வயதிலிருந்து பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துச் சோதனை.
– 35 வயதிலிருந்து 2 ஆண்டுக்கு ஒருமுறை தோல் சோதனை.
– பெண்களுக்கு 50 முதல் 75 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை மம்மோகிராபி.
– 50 வயதிலிருந்து மலச் சோதனை அல்லது குடல் உள்நோக்கி. 2025 ஏப்ரலிலிருந்து ஆண், பெண் இருவருக்கும் ஒரே விதி.

இவற்றுக்கான செலவை அரச சட்டபூர்வ கிராங்கன்காஸ்ஸே ஏற்கும். புகலிடக் கோரிக்கை முடிவாகாதவர்களும் ஒதுங்க வேண்டாம். புகலிடம் கோருவோருக்கான உதவிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மருத்துவரீதியாகத் தேவையான முன்தடுப்புப் பரிசோதனைகளையும் உள்ளடக்குகிறது. மருத்துவ அட்டை இல்லாதவர்கள் முதலில் சோசியல் அலுவலகத்தில் சிகிச்சைப் பத்திரம் கேளுங்கள்.

டொக்டரிடம் "கிறெப்ஸ்ஃப்றூஎர்கெனுங்" என்று சொன்னால் விளங்கும். ஜேர்மன் மொழியில் வரும் அழைப்புக் கடிதத்தை விளம்பரம் என்று எறிந்துவிடாதீர்கள். மார்பில் கட்டி, மலத்தில் இரத்தம் கண்டால் வயதையோ கடிதத்தையோ பார்த்திருக்காமல் உடனே டொக்டரிடம் போங்கள்.