நூற்றுக்கு இருபது வட்டி எங்கிருந்து வந்தது?

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜூவல்லர்ஸ், பொன் முதலீட்டுத் திட்டத்தின் பேரால் மிகுந்த ஆதாயம் தருவதாகக் கூறி மக்களிடம் 100 கோடி ரூபாய் வசூலித்ததாக 2023 நவம்பரில் அமலாக்கத் துறை அறிவித்தது. அப்போது தூண்டில் பொன். இப்பொழுது ‘டாலருக்கு நிகரான நாணயம்’. உறையூர் நெசவாளரும் திருவரங்கத்து வாழை விவசாயியும் இதன் இயல்பை அறிந்துகொள்ளுதல் நலம்.

ஸ்டேபிள்காயின் எனப்படும் இக்கணினி நாணயங்களிற் சிலவற்றிற்கு ரொக்கமும் அரசாங்கக் கடன் பத்திரங்களும் ஈடாக உள்ளன. டெர்ரா யு.எஸ்.டி. என்பதோ, அதே ஸ்தாபனத்தார் உண்டாக்கிய லூனா என்ற மற்றொரு நாணயத்தையே பெரிதும் நம்பி நின்றது. நெல்லுக்குப் பதிலாக, நெல் தருவதாகத் தாமே எழுதிய சீட்டுகளைக் களஞ்சியத்தில் அடுக்கியது போலாம்! அதனை ஆங்கர் என்னும் ஏற்பாட்டில் இட்டவர்க்கு ஆண்டிற்கு ஏறத்தாழ 20 சதவீத வட்டி. கடன் பெற்றோர் செலுத்திய வட்டி அதற்குப் போதவில்லை. குறையைச் சேமநிதியிலிருந்து ஈடுகட்டினர். அதுவும் வற்றவே, 2022 பிப்ரவரியில் 45 கோடி டாலரை வெளியிலிருந்து இட்டு நிரப்பினர். மே மாதத்தில் பலரும் ஒருங்கே முதலைத் திரும்பக் கேட்டனர். லூனா மேன்மேலும் வெளியிடப்பட்டு விலையற்றுப் போயிற்று. சில தினங்களில் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு மறைந்தது.

நம் கடன் சங்கம் தரும் வட்டி, நூலுக்கும் உரத்துக்கும் கடன் பெற்ற அங்கத்தினர் செலுத்துவதிலிருந்து வருவது. தணிக்கை அறிக்கையில் அதனைக் காணலாம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் வைப்புகளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. தொடக்கக் கடன் சங்கங்களுக்கு அது இல்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆதலின் பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் படியுங்கள்.