அந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும்

மார்புப் புற்றுநோய் பற்றி நான் வானொலியில் பேசிய பிறகு பிளேஸ்டோவில் ஒரு அம்மா கேட்டா, "பிள்ளை, எனக்கு அறுபது முடிஞ்சுது. அந்தக் கடிதம் ஏன் எனக்கு மட்டும் வரேல்லை?" விசாரித்தால், வந்துதான் இருக்கிறது. மகன் வாசித்துவிட்டு, இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று கூச்சப்பட்டு லாச்சிக்குள் வைத்துவிட்டார்.

சேர் பற்றிக் ஃபொரெஸ்ற் குழுவின் பரிந்துரைப்படி 1988 இல் இந்த இலவசப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. இப்போது 50 வயதிலிருந்து 71 ஆவது பிறந்தநாள் வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். முதல் அழைப்பு வர 53 வயதும் ஆகலாம். 71 தாண்டியவர்கள் தாங்களாகவே கேட்டுப் பெறலாம்.

அழைப்புப் பட்டியல் குடும்ப வைத்தியரின் பதிவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எங்கள் சிக்கல் அங்கேதான். வந்த காலத்தில் ஈஸ்ட்ஹாம், மனோர்பார்க், பிளேஸ்டோ என்று வீடு மாறிக்கொண்டே இருந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் புது விலாசம் கொடுத்த நான் வைத்தியருக்குக் கொடுக்கவில்லை. பதியாதவர்களும் இருக்கிறார்கள். பதிவதற்குக் கடவுச்சீட்டோ, விசாவோ, விலாச அத்தாட்சியோ கட்டாயமில்லை. அகதிகளுக்கும் தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்போருக்கும் வைத்தியசாலைச் சிகிச்சையும் இலவசம்.

பரிசோதனைக்கு வரும் பெண்களின் வீதம் லண்டனில் நெடுங்காலமாகவே இங்கிலாந்தின் சராசரிக்குக் கீழே. "எங்கட சனம் அக்கறையில்லாதது" என்று நாங்களே சொல்லிக்கொள்கிறோம். எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத வீட்டுக்கு ஆங்கிலக் கடிதம் போட்டுவிட்டு, எல்லோரையும் சமமாக அழைத்தோம் என்று எப்படிச் சொல்வது?

படம் எடுப்பவர்கள் பெண்களே. ஒவ்வொரு மார்பிலும் இரண்டு எக்ஸ்ரே. அழுத்தும்போது கொஞ்சம் நோகும், சில நிமிடம்தான். நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அவர்களிலும் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இராது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சேர் மைக்கல் மார்மட் தலைமையிலான குழு 2012 இல் கணித்தபடி, பரிசோதனையால் பிரித்தானியாவில் வருடத்துக்குச் சுமார் 1,300 உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. ஆனால் தீங்கு செய்திராத கட்டிகளுக்காகச் சுமார் 4,000 பெண்கள் சிகிச்சை பெறுகிறார்கள். யோசித்து முடிவெடுப்பது உங்கள் உரிமை. ஆனால் யோசிக்கக் கடிதம் கையில் கிடைக்க வேண்டுமே!

கட்டியோ, தோலில் மாற்றமோ, முலைக்காம்பில் கசிவோ கண்டால் எந்த வயதிலும் கடிதத்துக்குக் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். அவர் அவசரமாக அனுப்பினால், புற்றுநோயா இல்லையா என்று 28 நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது இங்கிலாந்தின் இன்றைய இலக்கு. மொழிபெயர்ப்பாளர் இலவசம். கேட்டால்தான் ஒழுங்கு செய்வார்கள், ஆகவே முன்கூட்டியே கேளுங்கள். மகனைக் கூட்டிப்போகத் தேவையில்லை. புற்றுநோயாளருக்கு 2009 ஏப்ரலிலிருந்து மருந்துச்சீட்டுக் கட்டணமும் இல்லை. அதற்கான விண்ணப்பப் படிவம் வைத்தியரிடமே உண்டு.

அந்த அம்மா மருமகளைக் கொண்டு தொலைபேசி எடுத்து நாள் குறித்துவிட்டா. தமிழ் பேசும் பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறா.