மருத்துவ விருப்பம்: போனில் சொன்னால் போதுமா?

நோய் முற்றி, மீள வழியில்லை என்ற நிலை வந்தால் வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை, 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையிலுள்ள எவருக்கும் இந்தியாவில் உண்டு. ‘காமன் காஸ்’ வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஆனால் குற்றவியல் நடுவரின் ஒப்பம் வேண்டும் என்று அப்போது விதித்த நிபந்தனை நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் ஓர் ஆணை மூலம் அதை நீக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். ஆவணத்தை டிஜிட்டல் மருத்துவப் பதிவில் சேர்க்கவும் அந்த ஆணை இடம் தருகிறது. ஊசி போட்டு உயிரைப் போக்குவதற்கு மட்டும் இதில் இடமில்லை. அது இன்றும் குற்றம்தான்.

“என்னை ஐ.சி.யு.வுல போட்டு இழுத்தடிக்காதீங்கப்பா” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவர் ஒருவர் அனுப்பும் குரல் பதிவுக்கு இந்த ஆவணத்தின் வலு கிடையாது. அதற்காக அது வீணும் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் மூளும்போது அப்பாவின் எண்ணத்தை அவர் குரலிலேயே கேட்கலாம். ஆவணத்தில் பெயர் குறித்த உறவினர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் நகல் இருப்பது அவசியம். பீரோவில் பூட்டிவைத்த தாள் நள்ளிரவு ஆம்புலன்ஸில் உதவாது. போனில் உள்ள ஸ்கேன் பிரதி உதவும்.

டிஜிட்டல் மருத்துவப் பதிவுகளைப் பொறுத்தவரை, சிக்கல் பெரும்பாலும் ஓ.டி.பி.யில் தொடங்குகிறது. 14 இலக்க ‘ஆபா’ (டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு) எண் வழியே மருத்துவப் பதிவுகளைப் பகிர, அதற்குரியவரின் ஒப்புதல் வேண்டும். எந்தப் பதிவு, எவ்வளவு காலத்துக்கு என்பதை அவரே முடிவு செய்யலாம், மறுக்கலாம், தந்ததைத் திரும்பப் பெறலாம். ஆனால் பல வீடுகளில் பெரியவரின் ஆதாரோடு இணைந்திருப்பது மகனின் போன் எண். ஓ.டி.பி. அங்கே போகிறது, ஒப்புதலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இது அக்கறையால் நடந்தாலும் சரியல்ல. பெரியவரின் சொந்த எண்ணை ஆதாரில் பதிந்துகொள்வதே தீர்வு. தொலைமருத்துவத்துக்கான 2020 வழிகாட்டுதலும் இதே பக்கம்தான்: சுயநினைவோடு உள்ள பெரியவரை விட்டுவிட்டுப் பிள்ளை மட்டும் டாக்டரிடம் பேச, முறையான அனுமதியோ உறவுக்கான சான்றோ வேண்டும்.

முன்கூட்டியே எழுதிவைத்த ஆவணப்படி சிகிச்சையை நிறுத்த மருத்துவமனையின் முதல்நிலைக் குழுவும் இரண்டாம் நிலைக் குழுவும் இசைய வேண்டும். குழு மறுத்தால் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாடலாம். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் அதை ரத்து செய்யலாம். முடிவெடுக்கும் திறன் அவருக்கு உள்ளவரை ஆவணம் நடைமுறைக்கே வராது.

‘ஆபா கார்டு போட்டுத் தருகிறோம்’ என்று அழைத்து ஓ.டி.பி. கேட்பவரிடம் அதைச் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். மற்ற உதவிகளுக்கு முதியோர் உதவி எண் 14567.