கடல் நீரும் சான்று கூறும்

தூத்துக்குடிக் கடலில் ஓர் உடல் ஒதுங்குகின்றது. மூழ்கி மாண்டாரா, மாண்டபின் எறியப்பட்டாரா? விடை கூற வேண்டியது தடயவியல்.

டயாட்டம் என்பது சிலிக்கா ஓடுடைய நுண்பாசி. உயிரோடு மூழ்குவோரின் நுரையீரலில் புகும் நீரோடு அது குருதியிற் கலந்து எலும்பு மஜ்ஜையை அடையும் என்பர். ஆயினும் மூழ்காதார் உடலிலும் அது சில வேளை காணப்படுவதுண்டு. மேலும், தாமிரபரணி நன்னீரில் வாழும் இனங்கள் வேறு. மன்னார் வளைகுடா உவர்நீரில் வாழ்வன வேறு. பருவந்தோறும் எண்ணிக்கையும் மாறும். அயல்நாட்டு நூல் இக்கணக்கைத் தாராது.

இதனைக் கண்டறிய வேண்டியவர் பல்கலைக்கழகத் தடயவியல் ஆசிரியரே. வினாவைத் தெளிவாக வகுத்தல், மாதந்தோறும் நீரெடுத்து எண்ணிக் குறித்தல், வழக்கின் விவரம் அறியாத மற்றொருவரைக் கொண்டு சரிபார்த்தல், தம் கருத்துக்கு மாறான முடிவையும் வெளியிடுதல் ஆகிய நான்கிலும் அவருக்குப் பயிற்சி வேண்டும். தாம் செய்து பாராத சோதனையை ஆசிரியர் கற்பித்தால், மாணவர் விடையை மனப்பாடம் செய்வர்; ஐயங்கொள்ளக் கல்லார். இது பள்ளியில் நான் கண்ட உண்மை.

முத்து வளர்ப்பு ஜப்பானியர் வளர்த்த கலை. அதனை ஏட்டிற் படித்தமையோடு நில்லாது, நம் கடற்சிப்பியிலேயே சோதித்து, 1973-இல் வேப்பலோடையில் முத்து விளைவித்தனர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார். தடயவியலுக்கும் அதுவே வழி.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் வல்லுநர் நிகழ்விடம் செல்லுதலை ஐந்தாண்டுக்குள் கட்டாயமாக்க வகை செய்கின்றது. அவ்வல்லுநரை உருவாக்குபவர் ஆசிரியர். அவர் ஆராயாது விட்ட ஐயத்தின் விலையைக் குற்றமற்ற ஒருவன் சிறையிலிருந்து செலுத்த நேரலாகாது.